வெட்டிய ஆர்க்கிட் வாடாமல் போய்ச் சேர: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்க்கிட் வெட்டி அனுப்புகிறவர்களும், அப்படி வந்த பெட்டியைப் பிரித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்காருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. படிக்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். "ஆர்க்கிட்டை எப்படிப் பாதுகாப்பது?" என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. சிம்பிடியம் என்ற வகைக்கு நல்லது டென்ட்ரோபியம் என்ற வகைக்கு எமன். கையில் இருப்பது எது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்ற எல்லாம்.

ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் போதாதா?

பெரும்பாலான இழப்பு இந்த ஒரு நினைப்பில்தான் நடக்கிறது. ரோஜாவையும் கார்னேஷனையும் 0 டிகிரி செல்சியஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பழகியவர்கள் ஆர்க்கிட்டையும் அதே அறையில் தள்ளிவிடுகிறார்கள். டென்ட்ரோபியம், வாண்டா, மொகாரா, ஃபலனாப்சிஸ் எல்லாம் வெப்பமண்டலத்துச் செடிகள். அவற்றின் செல் சவ்வுகளுக்குக் கடுங்குளிர் தாங்காது. சவ்வு பழுதானால் இதழ் நீர் கோத்ததுபோல் ஆகி, பிறகு பழுப்பாகக் கருக்கும், மொட்டுகள் விரியாமலே உதிரும். இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், குளிர் அறைக்குள் இருக்கும்வரை பூ அழகாகவே தெரியும். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துத்தான் சாயம் வெளுக்கும். அதற்குள் பெட்டி வாங்கியவர் வீட்டுக்குப் போயிருக்கும், பழி வழியில் வந்த வண்டிக்காரர் மேல் விழுந்திருக்கும்.

அப்படியானால் எந்த வகைக்கு எத்தனை டிகிரி?

சிம்பிடியம் மலைக்குளிரில் வளர்ந்த வம்சம், அதனால் 0.5 முதல் 4 டிகிரி வரை தாராளமாகத் தாங்கும், இரண்டு வாரம்கூட வைக்கலாம். கேட்லியாவுக்கும் ஃபலனாப்சிஸுக்கும் 7 முதல் 10 டிகிரி. டென்ட்ரோபியத்துக்கு 10 முதல் 13. பத்துக்குக் கீழே போகவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாண்டாவுக்கு 13 டிகிரி வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே அறையில் வைக்க வேண்டிய கட்டாயம் இருந்தால், குளிர் பொறுக்காத வகைக்கு ஏற்றபடி அறையை வையுங்கள். சிம்பிடியம் 13 டிகிரியில் இருந்தால் அதன் ஆயுள் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வாண்டா 3 டிகிரியில் இருந்தால் குப்பைதான்.

இன்னொன்று: அறைச் சுவரில் தொங்கும் வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பத்தை, பெட்டிக்கு நடுவில் இருக்கும் பூவின் வெப்பத்தை அல்ல. ஒரு பெட்டியின் நடுவில் வெப்பமானியைச் சொருகிப் பார்த்தால், இத்தனை நாள் குளிர்ந்துவிட்டது என்று நினைத்தது பாதிகூடக் குளிரவில்லை என்று தெரியவரும்.

எந்தப் பருவத்தில் வெட்டுவது? மொட்டாக வெட்டினால் வழியில் விரியும்தானே?

விரியாது. ரோஜாவை மொட்டில் வெட்டலாம், ஆர்க்கிட்டில் அந்தக் கணக்கு செல்லாது. இறுக மூடிய மொட்டு செடியை விட்டுப் பிரிந்தால் அப்படியே நின்றுவிடும், இல்லை விரிந்தாலும் நிறமும் அளவும் சரியாக வராது. கேட்லியா மாதிரி பெரிய ஒற்றைப் பூக்களை, விரிந்து மூன்று நான்கு நாள் கழித்து இதழ் நன்றாக முற்றிக் கெட்டியான பிறகே வெட்ட வேண்டும். விரிந்த அன்றே வெட்டினால் சீக்கிரம் துவண்டுபோகும். டென்ட்ரோபியம் கதிரில் (ஒரே தண்டில் வரிசையாகப் பூக்கும் கொத்தில்) முக்கால்வாசிப் பூ விரிந்து நுனியில் சில மொட்டுகள் மட்டும் மிச்சம் இருக்கும்போது வெட்டுகிறார்கள். சிம்பிடியத்தில் கடைசி ஒன்றிரண்டு மொட்டு மட்டும் மூடியிருந்தால் போதும்.

காலையில், பனி உலர்ந்த பிறகு, வெயில் ஏறும் முன். ஈரத்தோடு பெட்டிக்குள் போன பூ பூஞ்சைக்கு விருந்து.

கத்தியைக் கழுவ வேண்டுமா? பூ வெட்டப் போவதற்கு இவ்வளவு கெடுபிடி எதற்கு?

கழுவுவது பூவுக்காக மட்டுமில்லை, செடிக்காகவும். சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஓடான்டோகுளோசம் வளையப்புள்ளி வைரஸும் ஒரு செடியின் சாறு பட்ட கத்தி வழியாக அடுத்த செடிக்குப் போகும், மருந்து கிடையாது. ஒவ்வொரு செடிக்கும் இடையில் கத்தியைத் தீயில் காட்டுங்கள், அல்லது இரண்டு மூன்று கத்திகளைக் கிருமிநாசினியில் ஊறப்போட்டு மாற்றி மாற்றி எடுங்கள்.

பூ நன்றாகத்தான் இருந்தது, பெட்டியைத் திறந்தால் சிம்பிடியத்தின் உதடு (மற்ற இதழ்களிலிருந்து வேறுபட்டு முன்னால் நீட்டியிருக்கும் இதழ்) மட்டும் சிவந்திருக்கிறது. நோயா?

நோயில்லை. அந்தப் பூ தனக்கு மகரந்தச் சேர்க்கை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டது.

ஆர்க்கிட்டில் மகரந்தம் தூளாக இருக்காது. பூவின் நடுவே இருக்கும் தூணின் நுனியில், ஒரு சின்ன மூடிக்குக் கீழே, உருண்டைப் பொதிகளாக இருக்கும். பூச்சி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்பாடு. பொதி போய்விட்டது என்றாலோ, சூல்முடியில் மகரந்தம் பட்டது என்றாலோ, பூவுக்கு வேலை முடிந்தது. இனி இதழைக் காட்டி யாரையும் கூப்பிடத் தேவையில்லை. உடனே எத்திலீன் வாயுவைத் தானே உற்பத்தி செய்து வாடத் தொடங்கிவிடும். சிம்பிடியத்தில் உதட்டிதழ் சிவப்பது அதன் முதல் அடையாளம்.

இதைச் செய்வது பெரும்பாலும் பூச்சி இல்லை, நம் விரல்தான். கதிர்களை அடுக்கும்போது ஒன்றின் நுனி இன்னொன்றின் மூக்கில் இடிக்கும், மூடி கழன்றுவிடும். ஆன்சிடியம் என்ற வகை இந்த விஷயத்தில் மகா தொட்டாற்சிணுங்கி. வண்டி குலுங்குவதிலேயே மூடி உதிர்ந்துவிடும். ஒரு பூ எத்திலீன் விட ஆரம்பித்தால் மூடிய பெட்டிக்குள் பக்கத்துப் பூக்களையும் இழுத்துக்கொண்டுதான் போகும். அதனால் பெட்டி கட்டும் முன் கதிரைக் கையில் பிடித்து ஒரு சுற்றுப் பாருங்கள், மூடி போன பூ இருந்தால் தயங்காமல் கிள்ளி எறியுங்கள். கதிரில் ஒரு பூ குறைந்தால் யாரும் எண்ணிப் பார்க்க மாட்டார்கள். வளர்ப்புக் கூடத்தில் தேனீக்கள் புழங்கினால் வலை கட்டுங்கள்.

எத்திலீன் எத்திலீன் என்கிறீர்களே, அது எங்கிருந்தெல்லாம் வருகிறது?

பழுக்கிற பழம், வண்டிப் புகை, சிகரெட் புகை, அழுகும் இலை, வாடிய பூ, சரியாக எரியாத அடுப்பு. பூக்களுக்கு இதனால் வரும் தொல்லை பழைய கதை. 1908-இல் சிகாகோவில் குரோக்கர், நைட் என்ற இருவர், கார்னேஷன் பூக்கள் இதழ் மூடிச் சுருங்கிப்போவது விளக்கெரிக்கும் வாயுவில் கலந்திருந்த எத்திலீனால் என்று கண்டுபிடித்தார்கள். அதுவரை தோட்டக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

கேட்லியா இதில் இன்னும் மோசம். காற்றில் நூறு கோடியில் 2 பங்கு எத்திலீன் ஒரு நாள் முழுக்க இருந்தாலே அதன் புறவிதழ் காய்ந்துபோகும் என்று 1949-இல் பதிவானது. மூக்குக்கு எட்டாத அளவு அது.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வெப்பம் சரி, ஈரம் சரி, பெட்டியும் சரி, போய்ச் சேர்ந்த டென்ட்ரோபியம் மட்டும் மொட்டெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து கிடந்தது. விசாரித்துப் பார்த்தால், இடையில் ஒரு கிடங்கில் ஒரு ராத்திரி, பக்கத்து அடுக்கில் ஆப்பிள் பெட்டிகள். அன்றிலிருந்து "எத்தனை டிகிரியில் வைப்பீர்கள்?" என்பதற்கு முன்னால் "கூட என்ன வைப்பீர்கள்?" என்று கேட்கிறேன்.

அதைத் தடுக்க மருந்து ஏதாவது?

இருக்கிறது. ஒன்-எம்சிபி என்ற வாயு, 1990-களில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டது. எத்திலீன் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முன்னாலேயே போய்த் துண்டு போட்டு உட்கார்ந்துவிடும், அதனால் எத்திலீன் வந்தாலும் பூவுக்குச் சேதி எட்டாது. காற்றுப் புகாத அறையில் சில மணி நேரம் வைக்க வேண்டும், பெட்டி கட்டும் முன்பே. ஆனால் பூ நாளாக ஆகப் புதிது புதிதாக இருக்கை முளைக்கும், எனவே பாதுகாப்பு சில நாட்களுக்குத்தான். வாடத் தொடங்கிய பூவில் போட்டுப் பயனில்லை.

வெள்ளி தயோசல்பேட் கரைசலும் இதே வேலையைச் செய்யும், தண்டு உறிஞ்ச வேண்டும். வெள்ளி கன உலோகம் என்பதால் மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் கொட்டக் கூடாது. முறையாக அப்புறப்படுத்த வழியில்லை என்றால் அதைத் தொடவே வேண்டாம் என்பேன்.

கிடங்கில் வைக்கும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொட்டலங்கள் காற்றில் இருக்கும் எத்திலீனை உறிஞ்சும். ஊதா நிறம் பழுப்பாக மாறிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. மாற்றாமல் மாதக்கணக்கில் தொங்கவிட்டிருப்பவர்கள் உண்டு, அது வெறும் தோரணம்.

தண்ணீரில் சர்க்கரை போடலாமா? ஆஸ்பிரின், காசு இதெல்லாம்?

சர்க்கரை உதவும், தனியாகப் போடாதவரை. வெட்டிய பூவுக்கு இலை இல்லை, உணவு வரவு நின்றுவிட்டது, அதனால் 2 முதல் 4 சதவீதம் சர்க்கரை கலந்த கரைசலில் சில மணி நேரம் நிற்க வைத்தால் டென்ட்ரோபியத்தின் நுனி மொட்டுகள் கூடுதலாக விரியும். ஆனால் அதே சர்க்கரை பாக்டீரியாவுக்கும் சாப்பாடு. அது பெருகித் தண்டின் குழாய்களை அடைத்துக்கொள்ளும், தண்டு தண்ணீரில் நின்றபடியே பூ தாகத்தில் வாடும். அதனால் சர்க்கரையோடு ஒரு கிருமிநாசினி கட்டாயம் வேண்டும். பூ வணிகத்தில் 8-ஹைட்ராக்ஸிக்வினோலின் சல்பேட் பழக்கம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில். கூடவே சிட்ரிக் அமிலம் போட்டுத் தண்ணீரைப் புளிப்பாக்குவார்கள். அமில நீர் தண்டில் வேகமாக ஏறும், பாக்டீரியாவும் மட்டுப்படும்.

ஆஸ்பிரினுக்கும் காசுக்கும் நேரம் செலவழிக்காதீர்கள். சுத்தமான வாளியும் தினமும் மாற்றிய தண்ணீரும் அதைவிடப் பெரிய வைத்தியம்.

தண்டின் அடியில் மாட்டும் அந்தச் சின்னத் தண்ணீர்க் குழாய் அவசியமா?

ஒரு நாளுக்கு மேல் பயணம் என்றால் அவசியம். ரப்பர் மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய், மூடியின் ஓட்டை வழியாகத் தண்டைச் சொருக வேண்டும். சொருகும் முன் தண்டின் அடியைப் புதிதாக ஒன்றிரண்டு சென்டிமீட்டர் சாய்வாக வெட்டுங்கள், வெட்டிய உடனே சொருகுங்கள். காற்றில் காயவிட்டால் தண்டுக்குள் காற்றுக்குமிழி ஏறி நீர்ப்பாதை அடைபடும்.

இங்கே ஒரு சின்ன நுணுக்கம். குழாயைப் பாதி நிரப்பி அனுப்பாதீர்கள். விமானச் சரக்கறையில் காற்றழுத்தம் தரையைவிடக் குறைவு, குழாய்க்குள் மிச்சமிருக்கும் காற்று விரிந்து தண்ணீரை மூடி வழியாக வெளியே தள்ளும். பெட்டி நனையும், குழாய் காலியாகும், இரண்டும் நஷ்டம். கொஞ்சம்கூடக் காற்று இல்லாமல் நிரப்புங்கள்.

பெட்டி கட்டும்போது எதைக் கவனிப்பது?

மூன்று விஷயம் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்: பூ அசையக் கூடாது, காற்று ஓட வேண்டும், ஈரம் போகக் கூடாது. அசையாமல் இருக்கத் திணித்தால் காற்று ஓடாது. ஈரம் காக்க பிளாஸ்டிக்கால் இறுகச் சுற்றினால் வெப்பம் மாறும்போது உள்ளே வியர்த்துக் கொட்டும். எனவே கதிர்களைப் பத்துப் பத்தாக மெல்லிய உறையில் போட்டு, உறையின் மேல்வாயைத் திறந்தே விட்டு, அடித்தண்டுகளை மட்டும் பெட்டியோடு நாடாவால் கட்டிவிடுங்கள். பூக்கள் எதிலும் சாயாமல் நிற்கும், தண்டுதான் இழுபடும். பெரிய பூக்களின் இடையில் நறுக்கிய மெழுகுத் தாள் வைக்கலாம். பெட்டியின் இரண்டு குறுக்குப் பக்கங்களிலும் ஓட்டை இருக்கட்டும், அது ஏன் என்பது அடுத்த பதிலில்.

ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம் நல்லது, ஆனால் இதழ்மேல் நீர்த்துளி ஒன்றுகூடக் கூடாது. சொல்லும்போது சுலபம்.

வெட்டியவுடன் அறையில் வைத்துவிட்டேன், தானாகக் குளிர்ந்துவிடாதா?

குளிரும், மெதுவாக. மூடிய பெட்டிக்குள் இருக்கும் பூக்கள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், அதிலிருந்து வெப்பமும் வரும். 10 டிகிரி கூடினால் சுவாசம் இரண்டு மூன்று மடங்காகும், உள்ளே சேமித்திருந்த சர்க்கரை அத்தனையும் வேகமாகத் தீரும். நடுவில் இருக்கும் கதிர் குளிர்வதற்குள் விளிம்பில் இருப்பதைவிட இரண்டு நாள் மூத்துவிடும் என்று சொன்னால் மிகைதான், ஆனால் விஷயம் அப்படித்தான். அதனால்தான் ஓட்டை: பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒரு பக்கம் மின்விசிறி வைத்து, குளிர்ந்த காற்றைப் பெட்டிக்குள்ளாகவே இழுத்தால் வேலை மிக விரைவாக முடியும். சும்மா அடுக்கி வைத்தால் நாளெல்லாம் ஆகும். குளிர்ந்த பின் ஓட்டைகளை மூடிவிடலாம்.

ஐஸ் ஜெல் பொட்டலம் வைக்கலாமா?

வைக்கலாம், பூவைத் தொடாமல், தாளில் நன்றாகச் சுற்றி, நகராதபடி கட்டி. டென்ட்ரோபியத்தின் மேல் உறைந்த ஜெல் உட்கார்ந்தால் அந்த வடிவத்திலேயே கருகிய தடம் விழும். குளிர்நாட்டுக்குப் போகும் பெட்டிக்கு எதிர்ப்பிரச்சினை: உள்ளே தெர்மாக்கோல் தகடு, தேவைப்பட்டால் வெப்பப் பொட்டலம். அதிலும் கவனம், இரும்புத்தூள் பொட்டலம் வேலை செய்யக் காற்றில் இருந்து ஆக்சிஜன் வேண்டும், பெட்டியை முழுக்க அடைத்தால் அணைந்துவிடும்.

கப்பல், விமானம், சாலை, எது மேல்?

விமானம் வேகம்தான், ஆனால் விமானத்துக்குள் பூ கெடுவதைவிட, விமானத்துக்கு முன்னும் பின்னும் கெடுவதே அதிகம். தளத்தில் வெயிலில் நிற்கும் அடுக்கு, ஆவணத்துக்காகக் காத்திருக்கும் மணி நேரங்கள், வண்டி மாற்றும் இடம். அனுப்பும் முன் அந்த இடைவெளிகளை எண்ணுங்கள். வெப்பத்தைப் பதிவு செய்யும் சின்னக் கருவி ஒன்றைப் பெட்டிக்கு நடுவில் போட்டு அனுப்பினால் எங்கே சூடானது என்பது கையும் களவுமாக மாட்டும். விமானத்தில் எடையைவிடப் பெட்டியின் பருமன்தான் செலவைத் தீர்மானிக்கும், பொதுவாக 6000 கன சென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிடுகிறார்கள். பூப்பெட்டி லேசு, பருமன் அதிகம். அதனால் ஆட்கள் பெட்டியைச் சுருக்கி, பூக்களை நெருக்கித் திணிக்கிறார்கள், பிறகு மூடி கழன்ற மகரந்தத்தைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள்.

நாடு விட்டு நாடு அனுப்ப என்ன தாள்கள் வேண்டும்?

தாவரச் சுகாதாரச் சான்றிதழ், பெரும்பாலான நாடுகளில். அப்புறம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் நாடுகளுக்கிடையேயான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தம்: ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அதன் பட்டியலில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் பட்டியலில் உள்ளவற்றில், செயற்கையாக வளர்த்த செடியின் வெட்டிய பூக்களுக்கு விலக்கு உண்டு. பாஃபியோபெடிலம் போன்ற முதல் பட்டியல் வகைகளுக்கு அந்த விலக்கைப் பொருத்திக்கொள்ளாதீர்கள், முன்கூட்டியே அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

பூச்சிக்குப் புகையூட்டச் சொன்னால் பூ கொஞ்சம் அடிவாங்கும் என்று எதிர்பாருங்கள். இலைப்பேன் இருக்கிறதென்று மெத்தில் புரோமைடு போட்ட டென்ட்ரோபியம் ஆயுளில் பல நாள் இழக்கும். தோட்டத்திலேயே இலைப்பேனைக் கட்டுப்படுத்துவதுதான் மலிவு. புகையூட்டும் முன்பே ஒன்-எம்சிபி கொடுத்தால் சேதம் குறையும்.

இதழில் சின்னச் சின்னப் புள்ளிகள். அனுப்பும்போது இல்லையே?

இருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. போட்ரைடிஸ் பூஞ்சையின் வித்து இதழில் முன்பே உட்கார்ந்திருக்கும், ஒரு துளி நீர் கிடைத்தால் முளைக்கும். குளிர்ந்த பெட்டியைச் சூடான, ஈரமான அறைக்குக் கொண்டுவந்து சட்டென்று திறந்தால் இதழெல்லாம் வியர்க்கும், அதற்கு அதுவே போதும். பெட்டியை மூடியபடியே நிழலில் ஒரு மணி நேரமாவது வைத்து, பிறகு திறவுங்கள். தோட்டத்தில் உதிர்ந்த பூக்களைப் பெருக்கித் தூர எறிவதும் இதன் பாதி மருந்து.

வந்து சேர்ந்த பூ துவண்டு கிடக்கிறது. காப்பாற்ற முடியுமா?

துவண்டது தாகத்தாலா, எத்திலீனாலா என்று பாருங்கள். இதழ் தொங்கி, நிறம் அப்படியே இருந்தால் தாகம். அதைத் திருப்பலாம். தண்டின் அடியைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து வெட்டுங்கள், பிறகு டென்ட்ரோபியம், மொகாரா கதிர்களை வெதுவெதுப்பான நீரில் பூவோடு மூழ்கடித்து 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். எடுத்து உதறி, நிழலில் தண்ணீரில் நிறுத்துங்கள். ஓரிரு மணி நேரத்தில் நிமிர்ந்தால் நிமிர்ந்தது. மூழ்கடித்த பூவை ஈரத்தோடு மீண்டும் பெட்டியில் போடக் கூடாது.

இதழ் கண்ணாடி போல் மெலிந்து நரம்பு தெரிந்தாலோ, உதடு சிவந்தாலோ, மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தாலோ எத்திலீன். எதுவும் செய்ய முடியாது, மற்ற பூக்களிடமிருந்து பிரித்து வையுங்கள். குளிர்காயம் பட்ட பூவும் அப்படித்தான்.

ஜாடியில் எத்தனை நாள் நிற்கும் என்று வாங்குபவரிடம் சொல்லலாம்?

சிம்பிடியம் இரண்டு வாரம் நிச்சயம், நன்றாக வைத்தால் நான்கும் போகும். ஃபலனாப்சிஸ் இரண்டு வாரத்துக்கு மேல் சாதாரணம். டென்ட்ரோபியத்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம். கேட்லியாவுக்கு ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் நின்றால் அவர்களையே சந்தோஷப்பட விடுங்கள். ஆனால் இந்தக் கணக்கு வெட்டிய நாளிலிருந்து ஓடுகிறது, வீடு வந்து சேர்ந்த நாளிலிருந்து இல்லை. ஆகவே பெட்டியின் மேல் வெட்டிய தேதியை எழுதுங்கள். சில அனுப்புநர்கள் அதை வேண்டுமென்றே விட்டுவிடுகிறார்கள், அப்படிப்பட்ட பெட்டியை நான் வாங்குவதில்லை.